தாய்மாமன் பிரிஸ்கில்லா

செப்டம்பர் 24, 2024 – செவ்வாய்

இன்று "பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும் முறை" என்று பாடம் எடுத்தேன். பிளாஸ்டிக் பொம்மை, பேசின், தண்ணீரின் சூடு பார்க்கும் கருவி, எல்லாம் மலேசியாவில் எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து பெட்டியில் சுமந்து வந்தவை. பதினோரு இளம் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார்கள். முடித்ததும் முனீஸ்வரி எழுந்து வந்தாள். "அக்கா, தப்பா நெனைக்காதீக" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, தன் ஒன்றரை வயது மகள் பவதாரிணியைக் காலில் கிடத்தி, நாலு சொம்புத் தண்ணீரில் வேலையை முடித்துவிட்டாள். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. என் பொம்மைக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், இப்போதுவரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

உள்ளதை எழுதினால் என்ன? எனக்கு வயது அறுபத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை பெறவில்லை. முப்பத்தொரு வருடம் எலும்பு முறிவு வார்டில் தாதி. மாவுக்கட்டுப் போடத் தெரியும், பிரிக்கத் தெரியும். எங்கள் சபையின் பாஸ்டர் தேவநேசன், "சிஸ்டர், நீங்கள் தாதிதானே? உசிலம்பட்டிப் பக்கம் மிஷன் நடத்தும் தாய்மார் மையத்துக்கு மூன்று மாதம் ஊழியத்துக்குப் போய் வாருங்கள்" என்றார். எந்த வார்டு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26 – வியாழன்

மையத்தில் இதுவரை ஒருவருக்கும் கை கால் உடையவில்லை. அதில் வருத்தப்பட்டதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் 2 – புதன்

விடுமுறை. ஆனாலும் முனீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம். தையல் மெஷினில் உட்கார்ந்து எதையும் தைக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். பவதாரிணி என் மடியில் ஏறி, கண்ணாடியைப் பிடுங்கி, நக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மையத்தை நடத்தும் தமிழ்வாணி டீச்சர்தான் விவரம் சொன்னார். முனீஸ்வரி, வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு, லோடு ஆட்டோ ஓட்டும் சிவக்குமாரைக் கட்டிக்கொண்டவள். அப்பா அம்மா இல்லை. இருப்பது ஒரே அண்ணன், செக்கானூரணியில் முத்துக்கருப்பன். அவன் மூன்று வருடமாக அவளோடு பேசுவதில்லை. பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. இப்போது பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து, அவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவார்களாம். மாமன் இல்லை. மாமியார் செல்லத்தாய் தினமும் அதையே சொல்லிக் குத்திக்கொண்டிருக்கிறாள், காதை அல்ல.

"எங்கள் வீட்டில் மாமா என்றால் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவார், அவ்வளவுதான்" என்றேன்.

"இங்க மாமன் இல்லேன்னா நாலு பேர் கூடுற எடத்துல பிள்ளைக்கு மரியாத இல்லக்கா" என்றார் டீச்சர். "அனாதையாட்டம் பாப்பாக."

அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், அப்பாவின் வீட்டார் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அனாதை. எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் மெஷினை மிதித்த மிதி புரிந்தது.

அக்டோபர் 11 – வெள்ளி

பாஸ்டர் தேவநேசன் மாத அறிக்கைப் படிவம் அனுப்பியிருக்கிறார். "எத்தனை தாய்மாருக்குப் பயிற்சி அளித்தீர்கள்?" என்று ஒரு கட்டம். "எத்தனை தாய்மார் உங்களுக்குப் பயிற்சி அளித்தார்கள்?" என்று ஒரு கட்டம் இல்லை. இருந்தால் பதினொன்று என்று எழுதுவேன். வசம்பு கட்டினேன், தொட்டில் முடிச்சுக் கற்றேன், பிள்ளைக்குச் சளி பிடித்தால் யாரைத் திட்ட வேண்டும் என்பதுகூடத் தெரியும். எப்போதும் புருசனைத்தான்.

அக்டோபர் 20 – ஞாயிறு

நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

இன்று இங்குள்ள சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததை எல்லாம் மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு விருந்தாளி என்று எனக்கு ஒரு சம்பங்கி மாலை போட்டார்கள், முழங்கால் வரைக்கும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். எனக்கு ஏலத்தின் சட்டம் தெரியாது. வெயில் கண்ணில் அடித்தது, நெற்றிக்கு நேரே கையைத் தூக்கினேன். "மலேசியாக்கா கேட்டுட்டாக!" என்று ஒரு சத்தம். எல்லாரும் கை தட்டினார்கள். விருந்தாளியை எதிர்த்துக் கேட்பது மரியாதை இல்லை என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு ஒரு கிடா கிடைத்தது. கொம்பு வைத்த, கறுப்பு, உயிருள்ள கிடா. நான் பதறிப்போய் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதற்கு ஒரு வாழைத்தாரும், தேங்காய் கட்டிய சாக்கும் கிடைத்தன. அதற்குப் பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நான் தங்கியிருக்கும் மிஷன் பங்களாவின் காவல்காரர் கிடாவை உள்ளே விடவில்லை. "விருந்தினர் அறையில் பிராணிகள் கூடாது" என்று போர்டு இருக்கிறதாம். காட்டினார். இருக்கிறது. இதற்கு முன்னாலும் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் போலும்.

யாரிடம் கொடுப்பது? முனீஸ்வரி வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஆடுகள் உண்டு. பிள்ளைக்கு வாழைப்பழமும் ஆச்சு. பண்டிகைக்கு வந்த பேண்டு செட்டுக்காரர்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறோம், வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏறினேன். மாலையைக் கழற்ற மறந்துவிட்டேன். தெருமுனையில் பையன்கள் சும்மா இருக்க முடியாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக, முனீஸ்வரியின் தெரு பார்த்தது இது: மேளம். மாலை போட்ட ஆள். கிடா. வாழைத்தார். தேங்காய்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஆஹா, என்ன விருந்தோம்பல் என்று நினைத்தேன்! இதுவரை என்னைப் பார்த்து "வா" என்று சொல்லாத செல்லத்தாய் ஆரத்திக்கு ஆலம் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "கயித்தப் பிள்ள கையில குடுங்க" என்றாள். நான் கிடாக் கயிற்றைப் பவதாரிணியின் கையில் கொடுத்தேன். கிடா அவளை இழுத்தது, அவள் சிரித்தாள், மறுபடியும் குலவை. முனீஸ்வரி வாசலிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு ஆட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன்.

அக்டோபர் 21 – திங்கள்

தமிழ்வாணி டீச்சர் காலையிலேயே வந்துவிட்டார். சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாத முகம்.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கீக தெரியுமா? தாய்மாமன் சீர் எறக்கிட்டு வந்திருக்கீக."

நான் மாமன் ஆகிவிட்டேன். செல்லத்தாய் நாள் குறித்துவிட்டாள். நவம்பர் பத்து, ஊருக்கு வெளியே கருப்பசாமி கோயிலில்.

"நான் பெண்" என்றேன்.

"அதயும் சொல்லிப் பாத்துட்டேன். 'அந்தம்மா மலேசியாவுல பெரிய உத்தியோகம் பாத்தவுக, ஆம்பளைக்குச் சமம்'ங்கிறா."

"கிறிஸ்தவள்!"

"அதயும் சொன்னேன். 'மாமனுக்கு எதுக்கு மதம்'ங்கிறா."

கிடாவைத் திருப்பிக் கேட்கலாமா என்றேன். டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார். சீரைத் திரும்பக் கேட்டால் முனீஸ்வரி அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாதாம். வீட்டை விட்டே போக வேண்டியதுதானாம்.

மத்தியானம் முனீஸ்வரி வந்தாள். என் பொம்மையை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். போகும்போது, "தெரியாமத்தான் செஞ்சீகன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள்.

என்ன செய்வது? நான் ஊழியம் செய்ய வந்தவள். மாமனாக வரவில்லை.

அக்டோபர் 25 – வெள்ளி

பாஸ்டருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் சபைக் கமிட்டியைக் கூட்டிவிட்டார். எங்கள் கமிட்டி வாகனம் நிறுத்தும் இடத்துக்குக் கோடு போடுவதையே ஏழு மாதம் பேசியது. இதை இரண்டே மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள்.

நான் தாய்மாமனாக இருக்கலாம். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். சாமியைப் பார்த்து உட்காரக் கூடாது, முதுகு காட்டவும் கூடாது (அது அவர்களை அவமதிப்பதாகும்), ஆகவே பக்கவாட்டில் உட்கார வேண்டும். படைத்த கறியைச் சாப்பிடக் கூடாது. இதில் ஒரு சிக்கலை மூப்பர் ஒருவர் எழுப்பினாராம். அந்தக் கிடா ஏற்கெனவே அறுப்பின் பண்டிகையில் ஜெபம் பண்ணி ஆண்டவருக்குப் படைக்கப்பட்டது. ஒருமுறை படைத்த கிடாவை இன்னொருமுறை இன்னொருவருக்குப் படைக்க முடியுமா? முடியாது என்று ஐந்து பேர், கிடாவுக்கு அதெல்லாம் தெரியாது என்று நான்கு பேர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கிடா செல்லத்தாய் வீட்டில் நன்றாகத் தின்கிறது. அதற்கு "மலேசியா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ஏ மலேசியா, சனியனே, துணியத் திங்காத" என்று செல்லத்தாய் கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

அக்டோபர் 30 – புதன்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் பன்னிரண்டடி உயரத்தில் நிற்கிறேன்.

சிவக்குமாரின் கூட்டாளி ராஜபாண்டிக்கு ஃப்ளெக்ஸ் கடை. என் பாஸ்போர்ட் படத்தை முனீஸ்வரியிடம் வாங்கியிருக்கிறான். ஃப்ளெக்ஸில் நான் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் கட்டி, தோளில் துண்டு போட்டு, ஒரு கையால் வணக்கம் சொல்கிறேன். பின்னால் ஒரு விமானம், இரட்டைக் கோபுரம், ஒரு சிங்கம். "சீர் சுமந்து சீமையிலிருந்து வரும் தாய்மாமன் பிரிஸ்கில்லா அவர்களே வருக! வருக!" கீழே பதினோரு தாய்மார்களின் படமும், "மாமன் வகையறா" என்று.

"தம்பி, இது யாருடைய உடம்பு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல மாமனுக்கு ஒரே மாடல்தான் இருக்குக்கா. தலைய மட்டும் மாத்தினேன். மீசைய எடுக்கத்தான் அரை நாளாச்சு."

உற்றுப் பார்த்தால் இடது பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கம்பீரமாகத்தான் இருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதில் பெயரைத் தப்பாகப் பொறித்திருந்தார்கள். இங்கே பெயர் இரண்டடி எழுத்தில் சரியாக இருக்கிறது.

நவம்பர் 3 – ஞாயிறு

பவதாரிணி இன்று என்னைப் பார்த்து "மாமா" என்றாள். டீச்சர் சிரித்தார். நான் அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 5 – செவ்வாய்

இன்று நிஜ மாமன் வந்தான்.

முத்துக்கருப்பன் ஒரு மினி பஸ்ஸில் கண்டக்டர். இந்தத் தடத்தில்தான் ஓடுகிறான் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ராஜபாண்டி அந்த இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்க மாட்டான். ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப். எட்டு முறையும் என் காலுக்கு அடியில்தான் போய் வந்திருக்கிறான், பாவம்.

பதினொரு மணிக்கு மையத்தின் வாசலில் ஒரு மினி பஸ் ஆளோடு வந்து நின்றது. காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் விசில். முப்பது வயது இருக்கும். முனீஸ்வரியின் அதே மூக்கு.

"யாரு இங்க பிரிஸ்கில்லா?"

"நான்தான், தம்பி."

"நீங்க எப்பிடி எம் மருமகளுக்கு மாமனாக முடியும்? நான் செத்தா போயிட்டேன்?"

"நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொன்னார்கள்…"

"வரலேன்னா? வரலேன்னா அந்த எடம் காலியாக் கெடக்கட்டும். அது என் எடம். டிக்கெட்டுக் குடுக்கையில அம்புட்டுப் பேரும் கேக்குறாய்ங்க. ஏம்ப்பா, உள்ளூர்ல நீ இருக்கைல வெளிநாட்டுல இருந்து எறக்கியிருக்காகளேன்னு."

"அப்படியானால் நீங்களே வாருங்கள். நான் விலகிக்கொள்கிறேன்."

"நான் வரமாட்டேன்."

"சரி, அப்போது நான் உட்காருகிறேன்."

"நீங்க உக்காரக் கூடாது."

"அப்போ பிள்ளைக்குக் காது?"

அவன் விசிலை உள்ளங்கையில் உருட்டினான். யோசித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா, "ஏப்பா, ஒண்ணு நீ போ, இல்ல அவுகளப் போக விடு. எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்றார். பின் சீட்டில் ஒருவர், "அதெப்பிடி விட முடியும், மொறன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். உள்ளே இரண்டு கட்சி ஆகிவிட்டது. முனீஸ்வரி தையல் அறையிலிருந்து வெளியே வந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்தபடி, "சொல்லி வைங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

டீச்சர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "கவனிச்சீகளாக்கா? மூணு வருசத்துல இன்னிக்குத்தான் 'எம் மருமக'ன்னு வாயால சொல்லியிருக்கான்."

நவம்பர் 7 – வியாழன்

விலகிவிடவா என்று முனீஸ்வரியிடம் கேட்டேன். இரண்டு பேருக்கும் சண்டை வேண்டாமே.

"நீங்க உக்காரலேன்னா மாமியா அவுக ஆளு யாரையாச்சும் உக்கார வைக்கும். அந்த மடியில வச்சுக் குத்துறதுக்கு எம் பிள்ள காது சும்மாவே இருக்கட்டும். அண்ணே வருமான்னு மூணு வருசம் பாத்தாச்சுக்கா. நீங்க உக்காருங்க."

ஆண்டவரே, நான் உட்காருகிறேன். பக்கவாட்டில்.

நவம்பர் 10 – ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதிவிட்டே படுப்பேன்.

காலை எட்டு மணிக்கு மாமன் வகையறா புறப்பட்டோம். முன்னால் மேளம். நடுவில் நான், பட்டுச் சேலையும் மாலையுமாக. டீச்சர் குடை பிடித்தார். பின்னால் பதினொரு தட்டுகள்: பழம், வெல்லம், பட்டுப் பாவாடை, கொலுசு, கடைசித் தட்டில் கிள்ளானிலிருந்து நான் கொண்டுவந்த பிஸ்கட் டின். கிடா மட்டும் வர மறுத்து, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வழியில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒருவர், "ஃப்ளெக்ஸ்ல பாத்த மாதிரியே இருக்கீக" என்றார். எந்தப் பாதியைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

கருப்பசாமி கோயில் கண்மாய்க் கரையில், ஒரு வேம்புக்கு அடியில். பாயை எந்தத் திசையில் போடுவது என்று டீச்சரும் நானும் கமிட்டித் தீர்மானத்தை வைத்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தோம். காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பவதாரிணி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கண்மாய்க் கரை மேல் அந்த மினி பஸ் வந்தது. முன்னால் ஊர்ப் பெயர் போர்டு, கூரை மேல் இரண்டு கிடா, ஜன்னல் எல்லாம் தட்டுகள். அவன் மனைவி, அவன் ஆட்கள், ஒரு மேளம். அதுபோக வேறு ஊருக்கு டிக்கெட் வாங்கிய நாலு பேர், என்ன ஏது என்று புரியாமல் இறங்கி வந்தார்கள். இரண்டு மேளமும் ஒன்றையொன்று மிஞ்ச அடித்ததில் பத்தர் காதைப் பொத்திக்கொண்டார்.

முத்துக்கருப்பன் நேராக வந்து நான் உட்கார்ந்திருந்த பாயிலேயே, எனக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மடியைத் தட்டிக் காட்டினான்.

இங்கே உள்ளதைச் சொல்ல வேண்டும். எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இதற்காகத்தானே அந்தப் பெண் மூன்று வருடம் காத்திருந்தாள்? எனக்கு வந்தது கோபம். எங்க இருந்தடா நீ இத்தன நாளா? அவளுக்கு வயிறு தள்ளினப்ப எங்க இருந்த, பிரசவத்துல கெடந்தப்ப எங்க இருந்த, ஒரு போர்டப் பாத்துட்டு இப்ப வாரே? என் கழுத்தில் இருந்த அந்தச் சின்னக் கையை எடுக்க எனக்கு மனமே இல்லை. எனக்கு மாமனாக இருக்கப் பிடித்திருந்தது. இதைக் கமிட்டியில் யாரும் கேட்கவே இல்லை.

முனீஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் முடி கொட்டியிருந்தது அவனுக்கு. மூன்று வருடத்தில் கொட்டியதாக இருக்கும்.

பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பவதாரிணி போட்ட கூச்சலில் கோயில் மணி ஆடியிருக்கும். அவளுக்கு அவன் யார் என்றே தெரியாது. உதைத்தாள், அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள், "மாமா, மாமா" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. பத்தர், "எனக்கு இன்னும் ரெண்டு காதுகுத்து இருக்கு. தலைய ஆட்டாமப் புடிக்க ஆள் இருக்கா, இல்லையா?" என்றார்.

அதற்கு ஆள் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தேன். அவனுக்குப் பின்னால் மண்ணில் முட்டி போட்டு, அவன் இரண்டு தோளுக்கு மேலாகவும் கையை விட்டு, பிள்ளையின் தாடையையும் பின் தலையையும் பிடித்தேன். அந்தப் பிடியில் ஒரு லாரி டிரைவரே அசைய முடியாது. ஒரு காது. மறு காது. முடிந்தது. நான் எந்தத் திசையைப் பார்த்து முட்டி போட்டேன் என்று பாஸ்டர் கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ராஜபாண்டி எடுத்த படத்தில் அண்ணன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, என் கை இரண்டு இருக்கிறது. மற்றது எதுவும் இல்லை.

பிறகு தங்கைக்குச் சேலை கொடுக்கும் முறை. அவன் சேலைத் தட்டை என்னிடம் நீட்டி, வேம்பைப் பார்த்துக்கொண்டே, "குடுத்துருங்க" என்றான்.

நான் கையைத் தூக்கினேன். பாதியில் "அம்மா!" என்று தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "தோள் இறங்கிவிட்டது, தம்பி. என்னால் தூக்க முடியாது. நீங்களே கொடுங்கள்."

தோள் இறங்கியவர்களை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். அச்சாக அப்படியே செய்தேன். டீச்சரே நம்பித் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். ஆண்டவரே, இது பொய்தான்.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். வேறு ஒருவரும் கை நீட்டவில்லை, செல்லத்தாய்கூட. கடைசியில் எழுந்து தங்கச்சி முன்னால் போய் நின்றான். "புடி" என்றான். அவள் வாங்கினாள். "மெலிஞ்சு போயிட்ட" என்றான். அவள் கையில் தட்டு ஆடியது. அவன் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அப்படியே ரொம்ப நேரம் நின்றார்கள்.

ஒரே காதுகுத்துக்கு இரண்டு மாமன் கிடா வெட்டும் வழக்கம் இல்லையாம். அவன் கிடாக்களை வெட்டினார்கள். என் கிடா பிழைத்தது. கமிட்டிக்குச் சந்தோஷமாக இருக்கும். நான் தயிர்ச்சோறு சாப்பிட்டேன். பஸ்ஸில் வந்த நாலு பேரும் இரண்டு முறை கறி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நவம்பர் 11 – திங்கள்

தோள் நிஜமாகவே வலிக்கிறது.

நவம்பர் 25 – திங்கள்

இன்று மாலை விமானம். காலையில் மையத்தில் பாட்டு, பிரியாணி, அழுகை. பதினோரு பேரும் என்னை உட்கார வைத்துப் பொம்மையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று பரீட்சை வைத்தார்கள். பாஸ் ஆகிவிட்டேன். அப்புறம் செல்லத்தாய் வீட்டில் சாப்பாடு, தாம்பூலம். முனீஸ்வரி என் பெட்டியின் பூட்டை நாலு முறை இழுத்துப் பார்த்தாள். பவதாரிணி என் மேலேயே தூங்கிவிட்டாள்.

வேன் செக்கானூரணி வழியாகத்தான் வந்தது. முத்துக்கருப்பனின் பஸ் நின்றுகொண்டிருந்தது. கையைக் காட்டினேன். படிக்கட்டில் நின்றவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்த்திருக்க மாட்டான், கூட்டம். காதுகுத்து அன்றைக்கும் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவன் இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது. நான் வழியில் வந்தவள்.

விமான நிலையத்தில் எழுதுகிறேன். படிவத்தில் "உங்கள் ஊழியத்தின் பலன்" என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஜனவரி 15, 2025 – புதன், கிள்ளான்

முனீஸ்வரி கூப்பிட்டாள். நேற்று பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டுவந்தானாம். கரும்பு, பானை, மஞ்சள் கொத்து, அவளுக்கும் பிள்ளைக்கும் துணி. செல்லத்தாய் வாசலிலேயே நிற்க வைத்து ஆலம் சுற்றினாளாம். அண்ணன் வரும் நேரமெல்லாம் பவதாரிணி இப்போது அவன் விசிலைப் பிடுங்கிக்கொண்டு தருவதில்லையாம். கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த முறை சந்தோஷம் மட்டும்தான் வந்தது.

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அண்ணே ஒங்க மேல கோவமா இருக்கு."

"என் மேலா? ஏன்?"

"ஊருக்குப் போறன்னிக்கு எங்க மாமியா வீட்டுல சாப்பிட்டீக. அண்ணே வீட்டு வழியாத்தான் வேன் போச்சு, எறங்கலையே. மதினி கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்துச்சாம். 'கூடப் பொறந்தவன் வீட்டத் தாண்டிப் போறாக, எறங்கத் தோணல பாத்தியா'ன்னு சொல்லுச்சு. இனி ஒங்களோட பேசாதாம்."

கூடப் பொறந்தவன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயது வரைக்கும் எனக்கு மரியாதை செய்தவர்கள் உண்டு, நன்றி சொன்னவர்கள் உண்டு. ஒருவரும் என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில்லை. அந்த அளவுக்கு நான் யாருக்கும் வேண்டியவளாக இருந்ததில்லை. அழுதேன். நல்ல அழுகைதான்.

முத்துக்கருப்பனைக் கூப்பிட்டேன். எடுத்தான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன். வைத்துவிட்டான். மூன்றாவது முறை அவன் மனைவி எடுத்தாள்.

"மதினி, அவரு பேச மாட்டாராம். இந்தா, பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு." பின்னால் ஏதோ முணுமுணுப்பு. "எப்ப வாரீகன்னு மட்டும் கேக்கச் சொல்றாரு."

சித்திரையில் வருகிறேன் என்றேன். முதல் சாப்பாடு அங்கேதான் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். பதில் வரவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை.